நாலாவது மடிப்பு

சீட்டு எடுத்ததில் கைக்கு வந்தது
பதினெட்டாயிரத்து நானூறு.
புதுப்பாளையம் வீட்டின் பக்கச் சந்து
அகலம் ஐந்தடி, நீளம் பதினொன்று.
அதில் பாதி குலோத்துங்கனின் பைக்.
மீதியில் ஒரு பட்டறை நிற்க வேண்டும்.

தெருவில் ஏழு வீட்டு மோட்டாருக்குத்
தகர மூடி செய்து தருவதாக
வாய் கொடுத்துவிட்டேன்.
கடலூர்க் காற்று
தாழ்ப்பாளைத் தின்னும், கம்பியைத் தின்னும்,
மோட்டாரின் போல்ட்டை மட்டும் விட்டுவைக்குமா.
ரேஷன் கடையில் எடை போடுகிறவளுக்கு
இதெல்லாம் எதற்கு என்றார்கள்.
இதற்கு எடை போட வேண்டாம், அதனால்தான்.

முதலில் பார்த்தது
வெட்டும் மடக்கும் சுருட்டும் மூன்றும் தெரிந்த மெஷின்.
முப்பத்திரண்டாயிரம். பன்னிரண்டு அங்குலம்.
என் மூடியோ பதினாறு.
மிச்ச நாலு அங்குலத்துக்கு
யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

ஓ.டி.யில் இஸ்மத்துல்லாவின் பழைய இரும்புக் கடையில்
மிதித்தால் வெட்டுகிற ஒன்று கிடந்தது.
பன்னிரண்டாயிரம்தான், நானூறு கிலோ.
எங்கள் சந்தின் சிமெண்டுக்கு அடியில்
கழிவுநீர்த் தொட்டி.
வேண்டாம் என்றதும் அவரே சொன்னார்:
"நடுவுல பிளேடு பல்லுவுட்டுப் போச்சும்மா."
விற்காது என்று தெரிந்தபின் வரும் நேர்மைக்கும்
ஒரு டீ வாங்கித் தரலாம். தந்தேன்.

கிரைண்டர் வீட்டில் இருக்கிறது.
பக்கத்து வீட்டு அன்புக்கொடியின் கணவர்
சிப்காட்டில் இரவு ஷிப்டு, பகலில்தான் தூக்கம்.
போதாததற்கு, பொறி பறந்த ஓரத்தில்
துத்தநாகம் எரிந்துபோகும்.
துரு அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

கடைசியில் வாங்கியது:
பெஞ்சில் பூட்டும் கைநெம்பு ஒன்று.
இடது வளைவுக்குச் சிவப்புப் பிடிக் கத்திரி,
வலதுக்குப் பச்சை. மஞ்சளை விட்டுவிட்டேன்,
நேர்கோட்டுக்கு நெம்பு இருக்கிறதே.
இஸ்மத்துல்லாவிடமே இரண்டடி ஆங்கிள் மூன்று,
இரண்டு கதவுக் கீல், வெல்டிங் கூலி, கிளாம்ப்.
எட்டாயிரத்தைத் தொடவில்லை.
கதவு மாதிரி திறந்து மூடுகிற மடிப்பான்.

தகரம் நினைவுள்ளது.
தொண்ணூறு பாகைக்கு மடக்கினால்
கையை எடுத்ததும் கொஞ்சம் பின்வாங்கும்.
தொண்ணூற்றுமூன்று வரை தள்ளு,
அது தொண்ணூறில் வந்து உட்காரும்.
இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு ஷீட் செலவானது.
குலோத்துங்கன் அதை வெயில் மறைப்பாக
ஜன்னலில் சொருகிவிட்டான், கேள்வி கேட்கவில்லை.

முதல் பக்கம் மடிந்தது. இரண்டாவது, மூன்றாவது.
நாலாவது மடியவில்லை.
எழுந்து நின்ற இரண்டு சுவர்களும்
அழுத்தும் ஆங்கிளின் இரு முனையிலும் முட்டின.
திருப்பினேன். கவிழ்த்தேன். தலைகீழாக நுழைத்தேன்.
மூன்று சுவர் எழுப்பியவனுக்கெல்லாம் தெரியும் போல,
எனக்கு மட்டும் ராத்திரி பதினொன்றரைக்குத் தெரிந்தது:
அழுத்துகிற இரும்பு
பெட்டிக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாக வேண்டும்.
ஏழு மோட்டாரும் ஏழு அளவு.
ஏழு இரும்பா?

மறுநாள் கடையில் துவரம்பருப்பு போட்டுக்கொண்டிருந்தேன்.
மின்தராசு வந்தபின் வேலையில்லாமல்
மேசைக்கடியில் காலில் இடறுகிற எடைக்கற்கள்:
பத்து, ஐந்து, இரண்டு, இரண்டு, ஒன்று.
வரிசையில் நின்றவர் "இன்னும் அரைக் கிலோ வரணும்" என்றார்.
நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம், என்றோ வாங்கி
விலை மறந்துபோன ஹாக்சாவால்
ஆங்கிளை அறுத்தேன்:
பத்து, ஐந்து, இரண்டு, இரண்டு, ஒன்று அங்குலம்.
பன்னிரண்டா? பத்தும் இரண்டும்.
ஒன்பதா? ஐந்தும் இரண்டு இரண்டும்.
அறுப்பில் கரைந்த தூளும் நல்லதுக்கே,
சுவருக்குள் நுழைய ஒரு மயிரிழை வேண்டுமே.

அன்புக்கொடி வீட்டு மோட்டார்மேல்
இப்போது முதல் மூடி.
ஒரு மூலையில் அரை மில்லி இடைவெளி.
ஓணான் நுழையாது.
எறும்பு நுழையும், நுழைந்துவிட்டுப் போகட்டும்.